அப்டேட் போடுவதற்கு முன்

அன்புள்ள மருமகளே,

புது ஆண்ட்ராய்டு வந்திருக்கிறது, போட்டால் போட்டோவெல்லாம் போய்விடும் என்று ஹாஸ்டலில் பயமுறுத்துகிறார்கள் என்றாயே. என் செல்போன் கடையில் இந்தக் கேள்வி கேட்காத நாளில்லை. போனில் சிஸ்டம் இருக்கும் இடம் வேறு, உன் படமும் மெசேஜும் இருக்கும் இடம் வேறு. கம்பெனி அனுப்பும் அப்டேட் சிஸ்டத்தைத்தான் மாற்றும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வந்த பிறகு பல போன்களில் சிஸ்டத்துக்கே இரண்டு அறை. ஓடாத அறையில் புதியது ஏறும். அது எழும்பாவிட்டால் போன் பழையதற்கே திரும்பிவிடும்.

அப்படியும் அழுதுகொண்டு வருகிறார்களே, ஏன்? அப்டேட் முடிந்து போன் திரும்ப எழும்போது கைரேகையை ஏற்காது, பின் நம்பர் கேட்கும். மாதக்கணக்கில் விரலையே வைத்துப் பழகியவர்களுக்கு நம்பர் மறந்திருக்கும். உள்ளே இருக்கும் எல்லாம் அந்த நம்பரை வைத்துத்தான் பூட்டப்பட்டிருக்கிறது. என்னாலும் திறக்க முடியாது. ரீசெட் செய்தால் போன் பிழைக்கும், படங்கள் போகும். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை அண்ணே" என்பார்கள். காசை வாங்கி நான் என்ன செய்ய?

அதனால் செட்டிங்ஸில் ஸ்கிரீன் லாக் பக்கம் போ. இப்போதுள்ள நம்பரைக் கேட்கும், அடித்துப் பார். போனை ஆஃப் செய்து சோதிக்காதே. மறந்திருந்தால் வெளியே நிற்பாய். நம்பர் நினைவில் இல்லையென்றால், போன் திறந்திருக்கும்போதே எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிடு, மற்றது பிறகு.

"பேக்கப் ஆன்ல இருக்கு மாமா" என்பாய். ஆன்ல இருப்பது வேறு, ஏறியிருப்பது வேறு. கூகுள் சும்மா தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், 2021 ஜூனிலிருந்து ஏற்றிய படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நிரம்பினால் ஏறுவது நின்றுவிடும். அறிவிப்பு வரும், நாம்தான் தள்ளிவிடுவோமே! லேப்டாப்பில் கூகுள் போட்டோஸைத் திறந்து போன வாரத்துப் படம் தெரிகிறதா பார். இடம் பண்ணுகிறேன் என்று போனில் அந்த ஆப்பிலேயே படத்தை டெலீட் செய்யாதே, கூகுளில் ஏறியிருப்பதும் சேர்ந்து போகும். வாட்ஸ்அப்பில் கடைசி பேக்கப் தேதியைப் பார்; அதற்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் நோட்டில் எழுதி வை. அதை மறந்தால் வாட்ஸ்அப் கம்பெனியாலேயே திறந்து தர முடியாது.

சார்ஜ் பாதிக்கு மேல், வைஃபை, அவ்வளவுதான். யூடியூப் பார்த்து பூட்லோடரைத் திறக்கும் வேலை வேண்டாம், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். புதியது பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் பெரும்பாலும் அதே கதிதான்.

பரீட்சை முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடு. கடை லீவு, எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மாமா