செக் அவுட்னா ரூமைக் காலி பண்றது மட்டும்தானா?

சந்திரகிரியிலிருந்து திருப்பதி லாட்ஜ் ரிசப்ஷனுக்கு வேலைக்குப் போகப்போற தங்கச்சிங்களே, அங்க தினமும் காதுல விழப்போற ஆங்கிலம் 'செக் அவுட்'. பில்லைக் கட்டி, சாவியைக் கொடுத்து, ரூமைக் காலி பண்றதுன்னு உங்களுக்கே தெரியும். சில லாட்ஜுல 24 மணி நேரக் கணக்கு, சில ஹோட்டல்ல பகல் 12 மணி. உங்க இடத்துல எதுன்னு, ரூம் கொடுக்கும்போதே சொல்லிடுங்க. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

குழப்பம் வர்றது அடுத்த அர்த்தத்துல. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் 'வீ வாண்ட் டு செக் அவுட் த ஃபோர்ட்'னு சொன்னா, பில் போட உட்காந்துடாதீங்க. அவருக்கு நம்ம சந்திரகிரி கோட்டையைப் போய்ப் பார்க்கணும். ரூமை விடறதா இருந்தா 'செக் அவுட்' தனியா நிக்கும், இல்ல 'செக் அவுட் ஆஃப் த ரூம்'னு வரும். பின்னாடி நேரா ஒரு இடமோ பொருளோ வந்தா, பெரும்பாலும் 'போய்ப் பாரு'ன்னுதான் அர்த்தம். கோட்டைக்குள்ள இருக்கற ராஜ மஹாலைக் காட்டணும்னா, நீங்களே முந்திக்கிட்டு 'செக் அவுட் த ராஜ மஹால்'னு சொல்லுங்களேன்! அங்க இருக்கற மியூசியம் வெள்ளிக்கிழமை லீவுங்கறதையும் மறக்காம சொல்லுங்க. 'இட்', 'தெம்' எல்லாம் நடுவுலதான் வரணும்: 'செக் இட் அவுட்' சரி, 'செக் அவுட் இட்' தப்பு.

கோட்டைக்குப் போய்ட்டு வந்தவங்க, 'டஸ் தட் ஸ்டோரி செக் அவுட்?'னும் கேப்பாங்க. கேட்ட கதை நிஜமான்னு அர்த்தம். விஜயநகர ராஜாவுக்குக் கீழ இருந்த தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர், 1639-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸ்ல கோட்டை கட்ட இடம் கொடுத்தாரான்னு கேட்டா, 'யெஸ், இட் செக்ஸ் அவுட்'னு தைரியமாச் சொல்லலாம்.

இன்னொண்ணு, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. நடுவுல ஆள் வந்தா அர்த்தம் மாறும். 'ஹி வாஸ் செக்கிங் ஹர் அவுட்'னா, அவளை அவன் ஒரு மாதிரியா ஏற இறங்கப் பார்த்தான்னு அர்த்தம். பில் போடும்போது 'ஐ வில் செக் யூ அவுட்'னு சொல்றது ஹோட்டல் வழக்கம்தான், தப்பில்ல. ஆனா புதுசா சேர்றவங்களுக்கு 'ஐ வில் டூ யுவர் செக் அவுட்'னு சொல்றது பாதுகாப்பு. உங்களை யாராவது அப்படிப் பார்த்தாலோ, அப்படிப் பேசினாலோ சிரிச்சு மழுப்பாதீங்க. அப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க.