முக்காட்டுக் காந்தமும் புர்கா பட்டனும்: தெரிந்து வாங்குவோம், கவனமாகக் கையாள்வோம்



சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் நம் தையல் வகுப்பில் நாற்பது புர்காக்களுக்கு ஆர்டர் எடுத்தோம். முன்பக்கத்தில் பிரஸ் பட்டனுக்குப் பதிலாகக் காந்த பட்டன் வைத்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், விரல் மூட்டு வலியால் பட்டன் போட முடியாத வயதான உம்மாமார்களுக்கும் அது பெரிய வசதி. கடையில் கிடைத்த பளபளப்பான சிறு வட்டக் காந்தங்களை வாங்கி, துணி மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தோம்.

ஒரு மாதத்துக்குள் பதினொன்று திரும்பி வந்தன. சிலவற்றில் காந்தம் ஒட்டவே இல்லை. வெளிர் நிறத் துணிகளில் துருக்கறை படிந்திருந்தது. ஒன்றில் காந்தம் உடைந்து, அதன் முனை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தைத்த பெண்களின் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. என்ன காந்தம், எதைத் தாங்கும் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கி வந்தோமே, அதுதான் குறை.

அதன்பின் நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், மின்சாதனப் பழுது வகுப்பின் ஆசிரியர் சொல்லித் தந்ததையும் இங்கே எழுதுகிறோம். முதல் பாதி தையல் தொழில் செய்பவர்களுக்கு. பின்பாதி எல்லா வீட்டுக்கும் உரியது. தையல் தெரியாதவர்கள் முதல் பாதியைத் தாண்டிப் போனாலும் பின்பாதியை விட்டுவிட வேண்டாம்.

எல்லாக் காந்தமும் ஒன்றல்ல

மின்சாரம் இல்லாமலே தன் இழுக்கும் சக்தியை வைத்துக்கொள்ளும் காந்தத்துக்கு நிலைக்காந்தம் என்று பெயர். நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் அது பெரும்பாலும் மூன்று வகையாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பார்த்த லாடக் காந்தம் நினைவிருக்கும். அது எஃகிலோ, அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த அல்னிகோ என்ற உலோகக் கலவையிலோ செய்தது. அல்னிகோ அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் இன்னொரு காந்தத்தின் எதிர்ப்பு பட்டால் எளிதில் சக்தி இழக்கும். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வைத்தே பெட்டியில் மூடச் சொன்னது இதனால்தான்.

இரண்டாவது, கருஞ்சாம்பல் நிறத்தில் ஓட்டுத்துண்டு போல இருக்கும் ஃபெரைட். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள வளையம் பெரும்பாலும் இதுதான். ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்குள் இருப்பதும் இதன் தூளே. இரும்பு ஆக்சைடுடன் ஸ்ட்ரான்ஷியம் அல்லது பேரியம் சேர்த்து, மண்பாண்டம் சுடுவதுபோல் சுட்டு எடுக்கிறார்கள். ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் மேலும் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. சுமார் 250 டிகிரி வெப்பம் வரை தாங்கும். விலையும் குறைவு. கீழே போட்டால் மட்டும் ஓடு போல உடையும்.

மூன்றாவது, நாம் வாங்கி ஏமாந்த பளபளப்பான வகை. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. 1983-இல் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் ஜான் குரோட்டும் தனித்தனி வழியில் இதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அதே அளவுள்ள ஃபெரைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு ஆற்றலைத் தனக்குள் அடக்கி வைத்திருக்கும். சட்டைப் பட்டன் அளவில் இவ்வளவு பிடிப்பு கிடைப்பது இதனால்தான். முக்காட்டுக்குப் போடும் காந்தம், கைப்பை மூடி, கைபேசி உறை, மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் எல்லாவற்றிலும் இதுவே வருகிறது.

புர்காக்கள் ஏன் திரும்பி வந்தன?

நியோடிமியத்துக்கு இரண்டு எதிரிகள்: சூடும் ஈரமும். சாதாரண வகை தாங்குவது 80 டிகிரி செல்சியஸ் வரைதான். பாலியெஸ்டர் துணிக்கு வைக்கும் குறைந்த சூட்டிலேயே இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் 110 டிகிரியை ஒட்டி இருக்கும். பருத்திக்கு வைத்தால் 200 வரை போகும். அப்படி இழந்த சக்தி துணி ஆறியபின் தானாகத் திரும்பி வராது. மெல்லிய வட்டக் காந்தங்களுக்கோ 80 என்பதுகூட அதிகம். தட்டையாக இருக்கும் காந்தம் அதற்கு முன்பே தளரத் தொடங்கும். ஒட்டாமல் போன புர்காக்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் மடிப்பின்மேல் நன்றாக அழுத்தி இஸ்திரி போட்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாம்தான் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது துரு. அந்தப் பளபளப்பு காந்தத்தின் நிறம் அல்ல, மேலே பூசிய நிக்கல் முலாம். இரண்டு காந்தங்கள் படீரென்று மோதும்போது விளிம்பில் முலாம் உரிகிறது. உள்ளே இருப்பது பெரும்பங்கு இரும்பு. சலவைத் தண்ணீர் அந்த இடத்தில் புகுந்தால் ஓரிரு வாரத்தில் பழுப்பு நிறத் தூளாக உதிரத் தொடங்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்காரர் "என் 35", "என் 52" என்று சொல்வார். அந்த எண் காந்தப் பொருளின் ஆற்றல் அளவு. எண் கூடினால் அதே அளவுள்ள காந்தத்தின் பிடிப்பும் கூடும். எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒன்றும் இல்லை என்றால் 80 டிகிரி வகை. "எம்" என்றால் 100, "எச்" என்றால் 120, "எஸ்.எச்." என்றால் 150 டிகிரி வரை. எண்ணைப் பெரிதாகக் கேட்பவர்கள் எழுத்தைக் கேட்பதில்லை. நம் தொழிலுக்கு எழுத்துதான் முக்கியம்.

அட்டையில் "இரண்டு கிலோ இழுக்கும்" என்று போட்டிருந்தால், தடிமனான வழவழப்பான இரும்பின்மேல் நேரடியாக ஒட்டி, நேராக இழுத்துப் பார்த்த கணக்கு அது. நடுவில் துணி வந்தால் பிடிப்பு மளமளவென்று குறையும். பக்கவாட்டில் சறுக்கினால் அதில் ஒரு சிறு பங்குதான் நிற்கும். ஆகவே அட்டையை நம்ப வேண்டாம். தைக்கப்போகும் அதே துணியை அதே மடிப்பில் நடுவில் வைத்து, ஒரு ஜோடியைச் சோதித்துப் பார்த்தபின் மொத்தமாக வாங்குங்கள். பிடிப்பு போதவில்லை என்றால் எண்ணைக் கூட்டுவதைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக எடுப்பது பெரும்பாலும் மலிவாக முடியும்.

துணிக்கென்றே பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வரும் காந்தங்கள் கிடைக்கின்றன. உறையின் ஓரத்தில் தையல் போடலாம். தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது. விலை சற்றுக் கூடுதல்தான். பதினொரு புர்காவைப் பிரித்துத் தைத்த கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வேலை செய்யும்போது

முதலில் ஜோடி சேருங்கள். ஒட்டும் முகம் எது என்று பார்த்து, வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைக்காமல் தைத்து முடித்தபின் இரண்டும் ஒன்றையொன்று தள்ளினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான். எங்கள் வகுப்பில் இது நடக்காத வாரம் இல்லை. பையை மூன்று பக்கம் மெஷினில் அடித்துக்கொண்டு, காந்தத்தை நுழைத்தபின் கடைசிப் பக்கத்தைக் கையால் தைக்கவும். மெஷின் ஊசி எஃகு. காந்தம் அருகில் இருந்தால் ஊசி வளைந்து முறியும்.

ஒட்டிக்கொண்ட காந்தங்களை நேராக இழுத்துப் பிரிக்காமல், மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் சறுக்கி எடுங்கள். பெரிய காந்தங்கள் நடுவில் விரல் சிக்கினால் நசுங்கும். மோதினால் சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். ஆகவே கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. துளை வேண்டுமென்றால் துளையோடு வருவதை வாங்குங்கள். நியோடிமியத்தில் டிரில் போட்டால் அதன் தூள் தீப்பற்றும். முலாமும் போகும், சூட்டில் சக்தியும் போகும். சாலிடரிங்கும் அப்படியே. எங்காவது ஒட்ட வேண்டுமானால் மேற்பரப்பைத் துடைத்து, இரண்டு குழாயாக வரும் எபாக்சி பசையைப் பயன்படுத்துங்கள்.

மின்சாதனப் பழுது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய வகை சீலிங் ஃபேனிலும் மிக்ஸியிலும் நிலைக்காந்தம் கிடையாது, இரண்டும் சுருளாலேயே ஓடுபவை. மின்சாரம் மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. ஃபேனைத் திறக்கும்போதுதான் உள்ளே காந்தம் இருக்கும். அதன்மேல் இரும்புத்தூள் ஒட்டாமல் மேசையைத் துடைத்துவிட்டுத் திறக்கவும்.

கிப்லா பார்க்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். கைபேசித் திசைகாட்டி பூமியின் மெல்லிய காந்தப்புலத்தை வைத்தே திசை சொல்கிறது. சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். காந்த உறை போட்ட கைபேசியோ, பக்கத்தில் இருக்கும் முக்காட்டுக் காந்தமோ அந்த முள்ளை எங்கு வேண்டுமானாலும் திருப்பிவிடும்.

இனி எல்லா வீட்டுக்கும்

முக்காடு கட்டும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வது நம் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. பேசும்போதோ இருமும்போதோ அந்த ஊசி மூச்சுக்குழாய்க்குள் போன நிகழ்வுகளை, துருக்கி, எகிப்து போன்ற நாடுகளின் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அதற்கு மாற்றாகத்தான் காந்தம் வந்தது. துணியில் ஓட்டை விழாது, குத்தாது, நல்லதுதான். ஆனால் உதட்டில் கவ்வும் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது காந்தத்தைக் கவ்விக்கொள்கிறோம். அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் வளர்கிறார்கள்.

நம் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரியின் மூன்று வயது மகள், கண்ணாடி முன் வைத்திருந்த ஒரு ஜோடிக் காந்தத்தை விழுங்கிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தாள், வயிறு வலிக்கிறது என்றாள். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் வாயு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியபின்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் தெரிந்தது ஒரே ஒரு வட்டம். அறுவை செய்தபோதுதான் அது இரண்டு என்று தெரிந்தது. குடலின் இரண்டு மடிப்புகள் நடுவே மாட்டியிருந்தன, இரண்டிலும் ஓட்டை விழுந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தாள். பெயர் போடாமல் இதை எழுதும்படி அந்தத் தாயே கேட்டுக்கொண்டார்.

ஒரு காந்தம் மட்டும் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இரண்டு போனால் கதை வேறு. குடல் சுருண்டு சுருண்டு கிடக்கிறது. ஒரு சுருளில் ஒன்றும் அடுத்த சுருளில் மற்றொன்றும் இருந்தால், இடையிலுள்ள சுவரோடு சேர்த்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நசுங்கிய இடத்துக்கு இரத்தம் போகாது. சதை அழுகி ஓட்டை விழும். ஒரு காந்தமும் ஒரு இரும்புப் பொருளும் போனாலும் இதே நிலைதான். முதல் நாள் பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் மிக மோசமான ஏமாற்று.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத்துறை 2021-இல் இதற்கென்றே தன் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அமெரிக்காவில் 2022-இல், விளையாட்டுக்கும் நகைக்குமான பொருள்களில் வரும் விழுங்கக்கூடிய காந்தங்களின் வலிமைக்கு வரம்பு விதித்தார்கள்.

ஆகவே விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அந்த மணிநேரத்திலேயே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. வாழைப்பழம் கொடுத்து வெளியேற்றலாம், பேதி மருந்து கொடுக்கலாம், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். மருத்துவர் சொல்லும்வரை உணவோ தண்ணீரோ வேண்டாம். "ஏதோ விழுங்கிவிட்டான்" என்று சொல்லாமல், "காந்தம், ஒன்றுக்கு மேல் இருக்கலாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதே மாதிரி காந்தம் வீட்டில் மிச்சமிருந்தால் ஒரு டப்பாவில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். குழந்தையின் வயிற்றுக்கு அருகே அதைக் கொண்டுபோக வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரிவது இரண்டாக இருக்கலாம் என்பதையும் கேளுங்கள்.

குத்தாமல் போடும் காந்த மூக்குத்தியும் இதே ரகம். மூக்கின் நடுச்சுவரில் இருபுறமும் ஒட்டிக்கொண்டால் அதையும் அரித்துவிடும்.

பெரியவர்கள் விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மார்புப் பக்கம் காந்த பட்டனோ, காந்த புரூச்சோ அணியக்கூடாது. கருவிக்கும் காந்தத்துக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும். காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான கவனிப்பை விட்டு ஒரே வேகத்தில் துடிக்கத் தொடங்கும். அதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் ஐ.சி.டி. கருவியாக இருந்தால், தேவையான நேரத்தில் அது வேலை செய்யாமலே இருந்துவிடலாம். கைபேசியைச் சட்டைப்பையில் வைக்கும் அத்தாமார்களுக்கும் இது பொருந்தும். காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்தியிருந்தால், அதன் உள்ளேயே ஒரு காந்தம் இருக்கிறது. தலைக்கு அருகே வேறு வலுவான காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது முக்காட்டுக் காந்தம், ஊக்கு, குண்டூசி எல்லாவற்றையும் அறைக்கு வெளியிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். முக்காடு முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. பின் இல்லாத பருத்தி முக்காடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதை அணிந்துகொள்ளலாமா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்தப் படுக்கை, காந்த வளையல் என்று சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் மருந்தாக வீடு தேடி வந்து விற்பவர்களைப் பற்றியும் பலர் கேட்டார்கள். அவற்றால் நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்கு மாத்திரை வாங்குங்கள்.

தையல் வகுப்பில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடைக்குக் காந்தம் வைப்பதை நிறுத்திவிட்டோம். பிரஸ் பட்டன் மட்டும்தான். பெரியவர்களின் உடையில் உறையிட்ட காந்தம் வைத்து, உள்பக்கம் "இந்த இடத்தில் இஸ்திரி போடக்கூடாது" என்று துணி லேபிள் தைக்கிறோம். நாற்பது புர்காக்களில் இன்னும் இருபத்தொன்பது உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறோம். உடைந்த, உதிரும் காந்தங்களைக் குப்பையில் போடாமல் ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, புர்காவோடு சேர்த்து வகுப்பில் ஒப்படையுங்கள்.