அடிபம்பின் கதை

புதுச்சேரிக்குத் தென்மேற்கே வயல்கள் சூழ அமைந்த ஊர் ஏம்பலம். அவ்வூர்ப் பக்கங்களில் மாட்டுவண்டிகள் மிகுதியாக ஓடிய காலத்தில், சக்கரம் செய்யும் தச்சர் மரத்தில் உளி வைக்குமுன்னரே அதனைப் பொருத்தும் முறையை எண்ணிப் பார்ப்பார். நடுவிலுள்ள குடத்தில் ஆரக்கால்களை அறைந்து இறுக்க வேண்டும்; அவற்றின் மறுமுனைகளில் வட்டைத் துண்டுகளை ஏற்ற வேண்டும்; இறுதியில் இரும்புப் பட்டாவைத் தீயிற் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே சக்கரத்தின்மேல் மாட்டி, நீர் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பட்டா சுருங்கி உறுப்புகள் யாவற்றையும் ஒருசேர இறுக்கும். துளையின் அளவும் முளையின் அளவும் இவ்வரிசையைக் கருதியே அமைந்தன.

தச்சர் தாமே திட்டமிட்டார், தாமே பொருத்தினார், சக்கரம் ஆட்டங்கண்டால் அதுவும் அவரிடமே திரும்பி வந்தது. ஆதலின் முன்னெண்ணம் அவருக்கு இயல்பாயிற்று. ஆலைகளில் நிலைமை வேறு. படம் வரைபவர் ஒருவர்; பொருத்துபவர் மற்றொருவர்; பழுதுபார்ப்பவர் மூன்றாமவர். ஒருவர் படும் இடர் மற்றவர்க்கு எளிதில் தெரிவதில்லை. இதனால் விளைவது யாது என்பதை, நம் ஊர்த் தெருமுனைகளில் நிற்கும் அடிபம்பின் வரலாறு நன்கு விளக்கும்.

1960-களின் பிற்பகுதியில் வறட்சி வடநாட்டை வாட்டியபொழுது, பாறையையும் துளைக்கவல்ல பொறிகள் இந்தியாவுக்கு வந்தன. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பெற்றன. ஆயின் அவற்றின்மேல் நிறுத்தப்பட்டவை, அயல்நாடுகளில் ஒரு குடும்பத்தின் தேவைக்கென அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகளின் படிகளே. ஒரு வீட்டுக்கென வகுத்ததை ஓர் ஊரே நாள்முழுதும் அடித்தால் அது எவ்வாறு தாங்கும்? கைப்பிடிகள் முறிந்தன, மூட்டுகள் தேய்ந்தன. 1970-களின் நடுவில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் எடுத்த கணக்கில், நான்கில் மூன்று பங்கு பம்புகள் இயங்காமல் நின்றமை தெரியவந்தது. பம்பு நின்ற ஊரில் பெண்கள் மீண்டும் குடங்களோடு பழைய குட்டைகளை நாடினர். ஓராலையின் உறுப்பு மற்றோராலையின் பம்பில் பொருந்தாமையும் பெருங்குறையாக இருந்தது.

இதற்கு மாற்று மராட்டிய மாநிலத்திலே தோன்றியது. ஜால்னா என்னும் ஊரில் கிணறு தோண்டும் பணியில் ஈடுபட்டிருந்தோரும், பின்னர்ச் சோலாப்பூரில் இருந்தோரும், எஃகினால் உறுதியான பம்பு ஒன்றை உருவாக்கினர். பல மூட்டுகளுக்கு ஈடாக ஒரே அச்சு. கம்பியை நேராக மேலிழுக்க ஒரு சங்கிலி. தேயும் இடங்கள் குறைந்தன. இவ்வமைப்பைத் திருத்தியே இந்தியா மார்க் இரண்டு என்னும் பம்பு உருவாயிற்று. அது கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆய்ந்து பார்க்கப்பெற்றது. சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை அதனைப் பெருமளவிற் செய்தது. 1979-இல் அதற்கு இந்தியத் தர அளவு வகுக்கப்பெற்றது. எந்த ஆலையில் செய்யினும் ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது அதன் கருத்து. இஃது ஒரு பெரும் வெற்றி, இதில் ஐயமில்லை.

எனினும் அதன் உள்ளே ஓர் இடர் மறைந்திருந்தது. பம்பின் உயிர்நிலை தரைக்கு அடியில் ஆழத்தில் தொங்கும் உருளையில் உள்ளது. அங்கு மேலுங்கீழும் செல்லும் உந்து தண்டில் தோல் வாஷர்கள் உண்டு. உருளையின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதனைத் தாங்கி மேலே வரும் குழாயின் விட்டமோ 32 மில்லிமீட்டரே. சிறிய குழாய் விலை குறைவு, எடையும் குறைவு. அதனாலேயே அது தேர்ந்தெடுக்கப்பெற்றது. ஆயின் அகன்ற உந்து தண்டு குறுகிய குழாய் வழியே மேலே வர இயலாது அன்றோ? சில ரூபாய் பெறும் வாஷர் ஒன்றை மாற்றுவதற்கு, குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்பணி எளியதன்று. முப்பது மீட்டர் ஆழமாயின், மூன்று மீட்டர் நீளமுள்ள குழாய்கள் பத்து. உள்ளே கம்பிகள் வேறு. எல்லாவற்றின் எடையும் நூறு கிலோவைத் தாண்டும். தலைப்பகுதியைக் கழற்றி, குழாயை இடுக்கியாற் பற்றி, ஒரு துண்டின் அளவு உயர்த்தி, திருகிக் கழற்றி, அடுத்ததைப் பற்ற வேண்டும். பிடி நழுவினால் யாவும் கிணற்றுள் வீழும். தமிழ்நாட்டில் ஊர்க்கு ஒரு காவலர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஊர்தியோடு கூடிய குழு என மூன்றடுக்கு அமைப்பு ஏற்பட்டது. வெளியில் தெரியும் மரைகளை முடுக்குவதே ஊர்க்காவலரால் இயன்றது. வாஷர் தேய்ந்தாலோ, ஊர்தி வரும்வரை ஊரார் காத்திருந்தனர்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பூத்ராய்டு என்பவர் இத்தகைய இடர்களை முறைப்படி ஆராயத் தொடங்கினார்; பின்னர்ப் பீட்டர் டியூஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தார். ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புக என்றனர். இது பிறவற்றினின்று வேறாக அசைய வேண்டுமா? வேறு பொருளால் ஆக வேண்டுமா? பொருத்தவும் கழற்றவும் தனியே இருத்தல் இன்றியமையாததா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின், அவ்வுறுப்பை மற்றொன்றோடு சேர்த்துவிடலாம். இவ்வினாக்களை வரைபடம் எழுதும் நாளிலேயே கேட்டல் வேண்டும். அச்சுகள் வார்த்த பின்னர்க் கேட்பின் செலவு பன்மடங்காகும். பம்பைப் பொறுத்தவரை மூன்றாம் வினாவே உயிரானது. உந்து தண்டு தனியேதான் இருந்தது. அது வெளியேறும் வழிதான் இல்லை.

1983 முதல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மறுபடியும் ஆய்வு நிகழ்ந்தது. அதன் பயனாக இந்தியா மார்க் மூன்று தோன்றியது. இதில் குழாயின் விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். குழாயை அசைக்காமலே, கம்பியைப் பிடித்து இழுத்து உந்து தண்டையும் அடிவால்வையும் மேலே கொணரலாம். தோலுக்கு ஈடாக நைட்ரைல் ரப்பர் வாஷர்களும் வந்தன. அவை நெடுநாள் உழைத்தன. 1991-இல் இதற்கும் தர அளவு வகுக்கப்பெற்றது.

ஆயினும் புதிய பம்பு பழையதன் இடத்தை முழுதும் கைக்கொள்ளவில்லை. அகன்ற குழாய் எடையில் ஏறத்தாழ இரட்டிப்பு, விலையும் மிகுதி. அன்றியும், பழைய பம்புகள் அதற்குள் நாடெங்கும் எண்ணற்று நின்றுவிட்டன. அவற்றை எல்லாம் பெயர்த்து மாற்றுவது யாரால் இயலும்? முதல் வரைபடத்திலேயே வாஷர் மாற்றுவோரின் கைகளை எண்ணியிருப்பின், எடைக்கும் எளிமைக்கும் நடுவே வேறொரு வழி தோன்றியிருத்தல் கூடும்.

1990-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்ப் பெண்கள் அடிபம்பு பழுதுபார்க்கும் பயிற்சி பெற்றனர். அவருட் பலர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்கள் கையிற் கிடைத்தது எடை மிகுந்த மார்க் இரண்டு பம்பே. அரசின் மெக்கானிக் வரும்வரை காத்திராமல், அவர்கள் ஒருங்கு கூடி அக்குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கினர்.