ஒதுக்கீடு இருந்தும் ஓராங் அஸ்லி பிள்ளைகள் கல்லூரிக்கு வராதது ஏன்?

கேள்வி: என் மகள் சங்லூனில் மெட்ரிகுலேஷன் படிக்கிறாள். நம் கெடாவில், பாலிங் பக்கம் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்களே, அவள் வகுப்பில் ஒருவர்கூட இல்லையாம். அவர்களும் பூமிபுத்ராதானே? இடம் இருந்தும் வராததற்குப் படிப்பில் நாட்டம் இல்லாததுதான் காரணமா?
– வாசகர், சுங்கைப் பட்டாணி

பதில்: இடம் இருக்கிறது, நாட்டம் இல்லை என்று இரண்டு முடிவுகள் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன, ஐயா. மெட்ரிகுலேஷன் இடத்துக்கு ஆண்டுதோறும் தவிக்கும் நம் பெற்றோருக்கு, 90 விழுக்காட்டு பூமிபுத்ரா ஒதுக்கீடு என்றதும் அப்படித் தோன்றுவது இயல்பு. முதலில் இடத்தைப் பார்ப்போம்.

கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு 'சிறப்பு நிலை' தருவது மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும். தீபகற்பத்தின் ஆதிக்குடிகளான ஓராங் அஸ்லி அதில் குறிப்பிடப்படவே இல்லை. அவர்களின் நலனுக்குத் தனி ஏற்பாடு செய்ய 8ஆவது பிரிவு இடம் விடுகிறது, அவ்வளவே. நடைமுறையில் அவர்களையும் பூமிபுத்ரா கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி வழியும், ஜாக்கோவா எனும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் உதவியும் உண்டு. இவையெல்லாம் எஸ்.பி.எம். வரை வந்து சேர்ந்தவருக்குத் திறக்கும் கதவுகள். பிள்ளைகள் பலர் நின்றுவிடுவதோ அதற்கு ஐந்தாண்டு முன்னால், ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் ஒன்றுக்குப் போக வேண்டிய இடத்தில்.

ஏன் அங்கே? உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்கு நீங்கள் போயிருக்கலாம். அந்த வட்டாரத்தில்தான் கென்சியு இனத்தவரின் லூபுக் லெகோங் கிராமம் இருக்கிறது. சில நூறு பேர்தான். அவர்களின் மொழி மலாயோடு உறவில்லாத அஸ்லியான் குழுவைச் சேர்ந்தது. கெமர், மோன் மொழிகளுக்குத் தூரத்துச் சொந்தம். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆறாண்டு தாய்மொழியில் படித்தார்கள். மலாய் போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. வீட்டில் கென்சியு பேசி வளரும் குழந்தைக்குத் தாய்மொழிப் பள்ளியும் கிடையாது, அந்த ஓராண்டும் கிடையாது. ஒன்றாம் ஆண்டின் முதல் நாளே மலாய்ப் பாடம். அங்கே விழும் இடைவெளி ஆறாண்டில் எவ்வளவு வளரும் என்பதைத் தோட்டத்துப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விடுதி. காட்டையொட்டிய கிராமங்களுக்கு இடைநிலைப்பள்ளி வெகு தொலைவு. சில இடங்களில் தொடக்கப்பள்ளியே தொலைவு. 2015 ஆகஸ்டில் கிளந்தான், போஸ் தோஹோய் பள்ளி விடுதியிலிருந்து தண்டனைக்குப் பயந்து ஏழு பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். ஐவர் இறந்தார்கள். இருவர் 47 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். இதைக் கேட்ட ஒரு தாய் தன் பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தயங்கினால், அதற்கு நாட்டமின்மை என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றாம் ஆண்டு முதல் படிவம் மூன்று வரை ஒரே வளாகத்தில் நடக்கும் கே9 பள்ளிகளைக் கல்வி அமைச்சு தொடங்கியது தொடக்கப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தான். அவை இன்னும் பல இடங்களுக்கு வர வேண்டும்.

வழி கிடைத்தால் எதுவரை போவார்கள் என்பதற்கு செமாய் இனத்தவரான ஜூலி எடோ சான்று. மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தம் மக்களின் நில உரிமையை.

கல்லூரிகளும் தம் பங்குக்குச் செய்யக்கூடியது உண்டு. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப்பள்ளிகளில் வைத்த கொடுமையைக் கனடாவில் ஓர் ஆணையம் விசாரித்து, 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. நல்லிணக்கத்துக்காக அது கேட்டவற்றில் பாடத்திட்ட மாற்றமும் ஆசிரியர் பயிற்சியும் அடங்கும். இன்று அங்கே பல கல்லூரிகளில் பூர்வகுடி மூத்தோர் ஆலோசகர்களாக வளாகத்திலேயே இருக்கிறார்கள். நம் கல்லூரிகளும் லூபுக் லெகோங் பெரியவர் ஒருவரை அழைத்து அப்படி அமர வைக்கலாம். பெரிய செலவில்லை.

உங்கள் மகளுக்கு உதவும் எண்ணம் இருந்தால், விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது பாலிங் எட்டும் தூரம்தான். எஸ்.பி.எம். மாணவரைத் தேட வேண்டாம். ஆறாம் ஆண்டு, படிவம் ஒன்று பிள்ளைகளுக்கு மலாயும் கணக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். அதற்கு முன் ஜாக்கோவாவிடமும், தோக் பாத்தின் எனப்படும் கிராமத் தலைவரிடமும் அனுமதி கேட்க வேண்டும். எந்தப் பாடம், எந்த நாள் என்பதைக் கிராமத்தாரே சொல்லட்டும்.