ஈழத்தில் கிடந்த பாண்டிய முடி

பொன்னியின் செல்வன் படித்த சூட்டோடு ராமேஸ்வரம் வருகிறவர்கள் தனுஷ்கோடி மணலில் நின்று இலங்கைப் பக்கம் கை காட்டிச் சொல்வதுண்டு: பாண்டியரின் மணிமுடியையும் இந்திரன் ஆரத்தையும் சிங்கள மன்னன் பறித்து வைத்திருந்தான், ராஜராஜன் போய் மீட்டு வந்தான் என்று. முடி அங்கே இருந்தது உண்மை. பறித்தான் என்பதும், ராஜராஜன் மீட்டான் என்பதும் தப்பு.

முதலில் அந்த ஆரம். பாண்டியனைத் தலைகுனிய வைக்க, பலர் சேர்ந்து சுமக்கவேண்டிய ஆரத்தை இந்திரன் அவனுக்கு அணிவித்தானாம். அவனோ அலுங்காமல் தாங்கினானாம். பிறகு பாண்டியன் வளையை எறிந்து இந்திரனின் முடியையே சிதறடித்தான் என்கிறது திருவிளையாடற் புராணம். சிலப்பதிகாரக் காலத்துக்கே தெரிந்த கதைதான். தேவலோகத்து நகையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நகை இருந்திருக்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அதைக் கைப்பற்றியதாகப் பெயர் சொல்லியே பாடுகிறது. முத்துக்குளித்துச் செழித்த கரையின் அரசர்கள் அல்லவா, அது முத்தாரமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி, பறித்த கதை. வெள்ளூர்ப் போரில் பராந்தக சோழனிடம் பாண்டியன் ராஜசிம்மன் தோற்றபோது, அவன் பக்கம் நின்று அடிபட்டது இலங்கைப் படைதான். பிறகு ராஜசிம்மன் கப்பலேறி இலங்கையின் மாதோட்டத்தில் இறங்கினான். இலங்கை மன்னன் தப்புலன் அவனுக்கு வருமானமும், நகருக்கு வெளியே இருப்பிடமும் கொடுத்து வைத்துக்கொண்டான் என்கிறது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம். படை உதவி செய்யவும் தப்புலன் விரும்பினான். அதற்குள் அங்கிருந்த பிரபுக்களுக்குள் சண்டை மூண்டது. இனி இங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கண்ட ராஜசிம்மன் முடியையும் மற்றப் பொருள்களையும் அங்கேயே வைத்துவிட்டுக் கேரளம் போய்ச் சேர்ந்தான். அடைக்கலப் பொருள், கொள்ளை அல்ல.

பராந்தகன் அந்த முடியைக் கேட்டு ஆள் அனுப்பியபோது இலங்கை அரியணையில் இருந்தவன் உதயன். குடியன், சோம்பேறி என்று சூளவம்சமே திட்டுகிற மன்னன். அவன்கூடக் கொடுக்க மறுத்தான்! சோழப் படை வந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தென்னிலங்கையின் ரோகணத்துக்கு ஓடினான். படை முடி கிடைக்காமலே திரும்பியது.

ராஜராஜன் 993 வாக்கில் வட இலங்கையைப் பிடித்தான், முடி சிக்கவில்லை. 1017 வாக்கில் ரோகணத்தில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தபோதுதான் அது ராஜேந்திரன் கைக்கு வந்தது. மகிந்தன் சோழநாட்டிலேயே இறந்தான். ராஜேந்திரன் முடியைப் பாண்டியரிடம் ஒப்படைக்கவில்லை. தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் உட்கார வைத்தான். "மீட்டான்" என்று பாடுகிறவர்கள் யாருக்காக மீட்டான் என்றும் கேட்கலாம்.

அந்த முடி இல்லாமல் பாண்டியன் பாண்டியனே இல்லை என்பதும் சரியில்லை. அது ஈழத்தில் கிடந்தபோதே வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டு ஆண்டான். 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, சோழரின் முடியைச் சோழருக்கே திருப்பிக் கொடுத்து 'சோணாடு வழங்கியவன்' ஆனான்.

முடியைச் சுற்றிக் கதை வளர்வது இங்கே மட்டும் அல்ல. இத்தாலியில் மோன்சா பேராலயத்தில் இருக்கும் இரும்பு முடியின் உள்வளையம் இயேசுவை அறைந்த ஆணியால் ஆனது என்பார்கள். 1993-இல் சோதித்தார்கள், வளையம் வெள்ளி. நெப்போலியன் 1805-இல் அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டான். பாண்டிய முடியைச் சோதித்துப் பார்க்கக்கூட இன்று வழியில்லை.

பாண்டிய முடி ஈழத்தில் கிடந்ததுபோல, ஈழத்தின் பொருள் ஒன்றும் இங்கே இருந்தது. கதை என்று பலர் தள்ளிவிடுகிற அது, புத்தரின் புனிதப் பல் பாண்டிய நாட்டில் இருந்தது என்பது. இதைச் சூளவம்சமே ஒப்புக்கொள்கிறது. பாண்டிய அமைச்சன் ஆரியச் சக்கரவர்த்தி 1280-களில் இலங்கையின் யாப்பகூவாவிலிருந்து அதை எடுத்துவந்து குலசேகர பாண்டியனிடம் கொடுத்தான். பல் யாரிடம் இருக்கிறதோ அவரே இலங்கைக்கு உரியவர் என்று நம்பிய நாடு இலங்கை. ஆனாலும் இலங்கை மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு படை திரட்டவில்லை. நேரே பாண்டிய நாட்டுக்கு வந்து, பேசி வாங்கிக்கொண்டு போனான்.