குடலிறக்கம்: அறிந்துகொள்ளலும் தக்க வேளையில் சிகிச்சை பெறலும்

எமது வயிற்றறையின் சுவர் தசைகளாலும் உறுதியான தொடுப்பிழையத்தாலும் ஆனது. இச்சுவரின் நலிவடைந்த ஓரிடத்தினூடாகக் குடலின் ஒரு பகுதியோ கொழுப்பிழையமோ வெளித்தள்ளி, தோலின் கீழ் வீக்கமாகத் தோன்றுவதே குடலிறக்கம் (ஹேர்னியா) எனப்படும். தேய்ந்த சைக்கிள் ரயரின் வெடிப்பினூடாக ரியூப் பிதுங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

வயிற்றறை அமுக்கத்தை உயர்த்தும் காரணிகள்
• நாட்பட்ட இருமல் (புகைப்பவர்களில் அதிகம்)
• மலச்சிக்கலால் முக்குதல்
• பாரம் தூக்குதல்
• கர்ப்பம், அதிக உடற்பருமன்

பிரதான வகைகள்
1. கவட்டுக் குடலிறக்கம்: மிகப் பொதுவானது. முதிர்கருவில் விதைகள் வயிற்றறையிலிருந்து விதைப்பைக்கு இறங்கும் பாதை பின்னர் நலிவான இடமாக அமையலாம். எனவே ஆண்களில் அதிகம்.
2. தொடைக் குடலிறக்கம்: பெண்களில் ஒப்பீட்டளவில் அதிகம். நெரிபடும் அபாயம் கூடியது.
3. தொப்புள் குடலிறக்கம்: குழந்தைகளில் பெரும்பாலும் 4 - 5 வயதிற்குள் தானாக மூடிக்கொள்ளும்.
4. தழும்புக் குடலிறக்கம்: முன்னைய சத்திரசிகிச்சைத் தழும்பில் தோன்றும்.

அறிகுறிகள்
நிற்கும்போதும் இருமும்போதும் வீக்கம் வெளித்தெரியும். படுக்கும்போது உள்ளே சென்றுவிடும். இழுப்பது போன்ற நோ இருக்கலாம். நோ இல்லாவிடினும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அபாய அறிகுறிகள்
• வீக்கம் உள்ளே செல்லாமை
• திடீரெனக் கடும் வலி
• வீக்கத்தின் மேல் தோல் சிவத்தல் அல்லது கருமையடைதல்
• வாந்தி, வயிறு ஊதுதல், மலமும் வாயுவும் வெளியேறாமை

வெளித்தள்ளிய குடல் துவாரத்தில் நெரிபடும்போது குருதியோட்டம் தடைப்படும். ஒட்சிசன் கிடைக்காத இழையம் சில மணி நேரத்திலேயே இறக்கத் தொடங்கும். இது உயிராபத்தான நிலையாகும்.

சிகிச்சை
மருந்தோ எண்ணெய்ப் பூச்சோ துவாரத்தை அடைக்காது. சத்திரசிகிச்சை மூலம் உறுப்பு உள்ளே தள்ளப்பட்டு, சுவர் தைக்கப்படும் அல்லது செயற்கை வலையால் பலப்படுத்தப்படும். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகும். நோவற்ற சிறிய குடலிறக்கங்கள் சிலவற்றை வைத்திய கண்காணிப்பில் வைத்திருக்கலாம். அதனைத் தீர்மானிப்பவர் வைத்தியரே.

மாதிரி வினா
மூடை தூக்கும் தொழில் செய்யும் 45 வயதான ஒருவருக்கு 2 வருடங்களாகக் கவட்டில் வீக்கம் உள்ளது. கூச்சத்தினால் அவர் எவரிடமும் கூறவில்லை. இன்று காலை முதல் வீக்கம் உள்ளே செல்லவில்லை. கடும் வலியும் வாந்தியும் உண்டு.
(i) இவரது நிலை யாது?
(ii) வீட்டார் செய்ய வேண்டியது யாது? தவிர்க்க வேண்டியவை இரண்டு தருக.
(iii) இந்நிலையை எவ்வாறு தவிர்த்திருக்கலாம்?

விடை
(i) நெரிபட்ட கவட்டுக் குடலிறக்கமாக இருக்கலாம்.
(ii) 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழைத்து உடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல். வீக்கத்தை அழுத்தித் தள்ளுதல், உணவு அல்லது நீராகாரம் கொடுத்தல் ஆகியன தவிர்க்கப்பட வேண்டும்.
(iii) வீக்கம் தோன்றிய காலத்திலேயே வைத்தியரிடம் காட்டியிருந்தால், நாள் குறித்துப் பாதுகாப்பாகச் சத்திரசிகிச்சை செய்திருக்கலாம்.

மாணவர்களே, உங்களுக்கோ வீட்டில் எவருக்கோ இத்தகைய வீக்கம் இருப்பின் மறைக்காதீர்கள். வைத்தியருக்கு இது வெட்கத்திற்குரிய விடயமன்று. நாளாந்தம் காணும் நோயே.