ஏடு கேட்கும் நாட்கள்



அன்புக்கொடி மக்களே, கார்த்திகையில் சாமிதோப்புப் பதியில் திருஏடு வாசிப்பு 17 நாள் நடைபெறுகிறது. திருக்கல்யாண வாசிப்பன்று எப்படியும் வந்துவிடுகிறோம். அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்த பகுதி வாசிக்கும் நாளில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

அரிகோபாலன் சீடர் 1841-இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையை முதலில் செவிகொடுத்துக் கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தலைக்கு வரி கட்டியவர்கள். கூலியின்றி ஊழியம் செய்தவர்கள். பெண்கள் மாராப்பு இடக்கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். இழிபெயரே கேட்டுப் பழகிய அந்தச் செவிகளில் 'சான்றோர்' என்ற பெயர் விழுந்தது. நாராயணர் லட்சுமிதேவிக்குச் சொல்லும் கதைக்குள் தங்கள் வரியும் ஊழியமும் வருவதைக் கேட்டார்கள். தலைவிதி என்று வீட்டில் தனியே அழுதது, கலியின் கொடுமை என்று கூட்டத்தில் விளங்கிற்று. அதன்பின் கூனிய முதுகு கூனியபடி இருக்குமா?

கல்யாண வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் நமக்குரியதே. ஆனால் இவ்வாண்டு சிறைப்பகுதி நாளில் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பாட்டிமார் பக்கத்தில் உட்கார வையுங்கள். விளங்காத சொல்லை அவர்கள் காதோடு சொல்லித் தருவார்கள்.